ஆயாவுக்காக ஐந்து படத்தை ஒரே ஃபைலாகச் சேர்த்தேன்: எம்கேவி டூல்நிக்ஸ் பற்றி என் அனுபவம்

எடுத்தவுடனே சொல்லிவிடுகிறேன். நாலைந்து படங்களைச் சேர்த்து ஒரே பெரிய வீடியோ ஃபைலாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் பணம் கட்டாதீர்கள். நான் மூன்று வாரம் மற்ற வழிகளில் அலைந்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். அந்த அலைச்சலையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மென்பொருள் சேர்க்கும் வேலையைத்தான் செய்யும். அதற்கு முன்னால் நம் கையால் ஆகவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீடு கடலூர் புதுப்பாளையத்தில். எனக்கு வேலை புதுச்சேரியில், காலையில் எட்டே காலுக்குப் பஸ் ஏறினால் திரும்ப வீடு வர ஏழு ஆகிவிடும். அம்மா அங்கன்வாடிக்குப் போய்விடுவார், தம்பி காலேஜ். போன ஐப்பசி மழையில் ஆயா பின்கட்டு வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது கட்டிலோடு இருக்கிறார். வயது 84. பக்கத்து வீட்டு அக்கா பத்து மணிக்கு ஒருமுறையும் சாப்பாட்டு நேரத்துக்கு ஒருமுறையும் வந்து பார்த்துக்கொள்வார், ஆனால் அவருக்கும் வீடு, பிள்ளைகள் எல்லாம் இருக்கிறது. மீதி நேரம் முழுக்க ஆயாவுக்குத் துணை டிவிதான்.

ஆயாவுக்குப் பழைய படம் வேண்டும். எம்ஜிஆர், சிவாஜி, ஜெமினி, நடுநடுவே ஒரு சாமி படம். பெண்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். ஒரு படம் முடிந்ததும் எங்கள் டிவி ஃபைல் பட்டியலுக்குப் போய் அப்படியே நின்றுவிடும். ஆயாவுக்கு வலது கை நடுங்கும், ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தப் போய் மூன்றை அழுத்திவிடுவார். ஒருநாள் மதியம் ஒன்றரை மணியிலிருந்து நான் வரும்வரை ‘நோ சிக்னல்’ என்று எழுதிய கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். கேட்டால், “அக்காவ எத்தன தபா கூப்புடறது பாப்பா, அதுக்கும் வேல இருக்கு இல்ல” என்கிறார். அன்றைக்கு ராத்திரிதான் எல்லாப் படத்தையும் ஒன்றாக ஒட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சில டிவிகளில் ஒரு ஃபைல் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதி உண்டு, செட்டிங்கில் தேடினால் ‘ரிப்பீட்’ என்றோ ‘பிளே ஆல்’ என்றோ இருக்கும். உங்கள் டிவியில் இருந்தால் நான் கீழே எழுதுகிற எதுவும் தேவையில்லை. எங்கள் டிவி வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது, அதில் இல்லை. நெட்டில் பார்க்க வைக்கலாமே என்று தம்பி சொன்னான். விளம்பரம் வந்து நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து ‘இன்னும் பார்க்கிறீர்களா’ என்று கேட்டு நிற்கும். ரிமோட்டைத் தொட முடியாத ஒருவருக்கு அது ஆகாது.

எங்கள் வீட்டில் அலமாரி நிறைய டிஸ்க் இருக்கிறது. அப்பா இருந்தபோது வாங்கியது, மோசர் பேயர் கம்பெனி முப்பது ரூபாய்க்கு உள்ளும் சுற்றியும் விசிடி, டிவிடி விற்ற காலத்தில் மாதாமாதம் சம்பளத்தன்று நாலு வாங்கி வருவார். அதற்கு மேல் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நான் பொறுக்கியவை கொஞ்சம். கடல் காற்று, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று எல்லாவற்றையும் பார்த்த அலமாரி அது. ஒரு டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து வெள்ளையாக வேர் விட்ட மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. வட்டமாகத் தேய்த்துக் கீறல் விழுந்தால் அது பதிவு ஓடும் திசையிலேயே விழுந்து நீளமாக அடித்துவிடும். முப்பத்திரண்டு டிஸ்க்கில் ஐந்து போய்விட்டது, மற்றவை ஓடின. ஒரு சிவாஜி படத்தின் மூன்றாவது டிஸ்க்கில் கடைசி ஆறு நிமிஷம் வரவேயில்லை. பரவாயில்லை, அந்த ஆறு நிமிஷத்தை ஆயா வசனத்தோடு சொல்லிவிடுவார்.

முதலில் நான் செய்தது, ‘வீடியோ ஜாய்னர்’ என்று தேடி முதலில் வந்த ஒரு மென்பொருளை இறக்கியது. இலவசம் என்று போட்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஓடி முடித்த பிறகு பார்த்தால் படத்தின் நடுவில் அந்தக் கம்பெனியின் பெயர் பெரிதாகக் குறுக்கே நிற்கிறது, எடுக்க வேண்டுமென்றால் பணம் கட்டச் சொல்கிறது. முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அடுத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன், ஒரு படத்துக்கு நூறு ரூபாய் என்று ஐந்து படத்துக்கு ஐந்நூறு வாங்கினார்கள். ஒரே ஃபைலாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் மூன்றாவது படத்திலிருந்து உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஐந்தாவது படத்தில் ஆள் பேசி வாயை மூடி இரண்டு வினாடி கழித்து வசனம் வருகிறது. ஆயாவுக்குக் கண் மங்கல், அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

இந்த ஒலி விலகல் ஏன் வருகிறது என்று பிறகுதான் புரிந்தது. ஒரு வீடியோ ஃபைலுக்குள் படம் ஒரு டிராக், ஒலி ஒரு டிராக். இரண்டும் ஒரே நீளம் என்று நாம் நினைக்கிறோம், அப்படி இருக்காது. ஒலி அரை வினாடி முன்னால் முடியும், அல்லது பின்னால் முடியும். படத்தை எல்லாம் ஒரு வரிசையாகவும் ஒலியை எல்லாம் தனி வரிசையாகவும் அடுக்கினால் ஒவ்வொரு ஒட்டிலும் அந்த அரை வினாடி கூடிக்கொண்டே போகும். எம்கேவி டூல்நிக்ஸ் அப்படிச் செய்வதில்லை. முதல் ஃபைலில் எது கடைசியாக முடிகிறதோ அந்த நேரத்தைக் கணக்கில் எடுத்து, அடுத்த ஃபைலின் படம், ஒலி இரண்டையும் அந்த ஒரே நேரத்திலிருந்து தொடங்க வைக்கிறது. ஆக ஒவ்வொரு படமும் தனக்குள் சரியாக இருந்தால் சேர்த்த பிறகும் சரியாகவே இருக்கும். நான் ஐந்தாவது படத்தின் கடைசிப் பாட்டு வரை ஓட்டிப் பார்த்தேன், உதடும் பாட்டும் அப்படியே பொருந்தி நிற்கிறது. எனக்கு இந்த மென்பொருள் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். இன்னொரு முறையும் இருக்கிறது, டிராக் டிராக்காக அடுக்குவது. டிவிடியில் ஒரே படம் ஒரு ஜிபி ஒரு ஜிபியாக வெட்டி விஓபி ஃபைல்களாகக் கிடக்குமே, அந்த மாதிரி ஒரே முழுப் பொருளின் துண்டுகளுக்கு அது நல்லது. தனித்தனிப் படங்களுக்கு முதல் முறைதான், அதுவே இயல்பாகவும் இருக்கிறது, நாம் எதையும் மாற்ற வேண்டாம்.

இதை எழுதியவர் மோரிட்ஸ் பூன்குஸ் என்ற ஜெர்மன்காரர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். விளம்பரம் கிடையாது, படத்தின் மேல் பெயர் விழாது, இத்தனை நாளுக்குத்தான் என்ற கெடு கிடையாது. படத்தை இது மறுபடி அரைப்பதில்லை, உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து அடுத்தடுத்து வைக்கிறது. அதனால் தரம் துளியும் குறையாது, நேரமும் ஆகாது. என்னுடைய பழைய லேப்டாப்பில் ஐந்து படம், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல், ஐந்தே கால் ஜிபி, நாலு நிமிஷத்தில் முடிந்தது. கடைக்காரர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

ஆனால் மறுபடி அரைக்காமல் சேர்ப்பதாலேயே ஒரு கட்டாயம் வருகிறது. சேர்க்கிற ஃபைல்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்க வேண்டும். அகலம் உயரம், ஒரு வினாடிக்கு எத்தனை ஃபிரேம், படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது, ஒலி எந்த முறை, எத்தனை சேனல், எத்தனை கிலோஹெர்ட்ஸ் எல்லாம் பொருந்த வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலும் ‘இந்த டிராக்கை இதோடு சேர்க்க முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும், காரணத்தையும் எண்ணோடு சொல்லும். எனக்கு முதல் நாள் இதுவே நடந்தது. விசிடி என்பது 352க்கு 288 அளவு, ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ். டிவிடி 720க்கு 576 அல்லது 480, ஒலி 48. இரண்டையும் எப்படி ஒட்டும்? நம் ஊர் டிவி பிஏஎல் முறை, வினாடிக்கு 25 ஃபிரேம், ஆனால் தமிழ்ப் பட டிவிடிகள் நிறைய என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையில் வந்தவை, அதில் ஃபிரேம் கணக்கு வேறு. என்னிடமிருந்த ஒன்பது டிவிடியில் ஆறு அப்படித்தான் இருந்தன. அப்பா ஒரே கடையில் வாங்கியது, ஒரே மாதிரி உறை, உள்ளே இரண்டு ஜாதி.

ஆக முதல் வேலை எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. அதற்கு ஹேண்ட்பிரேக் என்ற, வீடியோவை வேறு அளவுக்கு மாற்றித் தரும் மென்பொருள். அதுவும் இலவசம்தான், பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பூட்டுப் போட்டு வந்த டிவிடிகளை அது திறக்காது, அவற்றை நான் அப்படியே விட்டுவிட்டேன், டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். மற்றவை எல்லாம் திறந்தன. நான் வைத்த அளவு இது: அகலம் 1024, உயரம் 576, படம் எச்.264, தரம் ஆர்எஃப் 20, ஒலி ஏஏசி ஸ்டீரியோ 48 கிலோஹெர்ட்ஸ், ஃபிரேம் வினாடிக்கு 25, அதுவும் ‘கான்ஸ்டன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து. எச்.265 போட்டால் ஃபைல் இன்னும் சிறியதாகும், ஆனால் பழைய டிவி அதை ஓட்டாது. எங்கள் டிவி ஒலி மட்டும் கொடுத்தது, படம் வரவில்லை.

ஹேண்ட்பிரேக்கில் நான் விழுந்த குழி ஒன்றைச் சொல்ல வேண்டும், இதிலேயே எனக்கு ஒரு வாரம் போனது. அது படத்தின் மேலும் கீழும் இருக்கும் கறுப்புப் பட்டையைத் தானாகவே வெட்டிவிடும். நல்லது என்று நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு படத்தில் 72 வரி வெட்டும், அடுத்ததில் 76 வெட்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த நாலு வரி வித்தியாசத்தால் இரண்டு படமும் அளவில் வேறாகிவிடும், பிறகு டூல்நிக்ஸ் சேர்க்க மறுக்கும். நானோ எல்லாவற்றுக்கும் ஒரே செட்டிங்தானே வைத்தேன், ஏன் ஒட்டவில்லை என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ‘டைமென்ஷன்ஸ்’ பக்கத்தில் குராப்பிங் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று இருப்பதை ‘நன்’ என்று மாற்றுங்கள். அதற்குப் பக்கத்திலேயே அனமார்ஃபிக் என்று ஒன்று இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புள்ளிக் கணக்கில் படங்கள் ஒரே அளவாக இருந்தாலும், டிவி முதல் படத்தின் அகல விகிதத்தை மற்றவற்றுக்கும் போட்டுவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் முகமெல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி அகலமாகத் தெரியும். நான் பழைய 4:3 படங்களை 768க்கு 576 ஆக்கி இரண்டு பக்கமும் 128 புள்ளி கறுப்பு வைத்தேன், ‘பார்டர்ஸ்’ என்ற இடத்தில் அதைச் செய்யலாம். முகம் முகமாக வந்தது.

என்டிஎஸ்சி டிஸ்க் ஆறையும் 25 ஃபிரேமுக்கு மாற்றிப் பார்த்தேன், பாட்டில் கேமரா பக்கவாட்டில் நகரும் இடமெல்லாம் தடுக்கித் தடுக்கிப் போனது. அதனால் அவற்றைத் தனியாக வைத்து அவற்றின் வேகத்திலேயே இன்னொரு ஃபைல் செய்தேன். 25 ஃபிரேம் கோஷ்டி ஒரு ஃபைல், மற்றது ஒரு ஃபைல். எல்லாவற்றையும் ஒன்றிலேயே திணிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

விசிடி பற்றி இரண்டு வரி. ஒரு விசிடியில் 74 நிமிஷம்தான் நிற்கும், நம் பழைய படமோ இரண்டே முக்கால் மணி நேரம், அதனால்தான் ஒரு படம் மூன்று டிஸ்க்காக வரும். எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் ஒரு பெரிய டேட் ஃபைல் இருக்கும், அதுதான் படம். மூன்றையும் தனித்தனியாக மாற்றி, முதலில் ஒரு படமாக ஒட்டி, அதைப் பிறகு பெரிய ஃபைலில் சேர்த்தேன். சில டிஸ்க்கின் தொடக்கத்தில் கம்பெனி விளம்பரமும் ‘இரண்டாம் பாகம்’ என்ற அட்டையும் வரும், அவற்றை வெட்டிவிட்டேன். விசிடிப் படத்தைப் பெரிதாக்கினால் தெளிவு வந்துவிடாது, இருப்பது மங்காமல் இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கு என் லேப்டாப்பில் முக்கால் மணி நேரம் ஆனது, ராத்திரி வரிசையில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ஐந்தும் தயார்.

சரி, இப்போது சேர்ப்பது. டூல்நிக்ஸைத் திறந்து முதல் படத்தை இழுத்துப் போடுங்கள். இரண்டாவதை இழுத்துப் போட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும், இங்கே கவனம். ‘ஆட்’ என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, ‘அப்பெண்ட்’ என்றால் பின்னால் சேர்ப்பது. நமக்கு வேண்டியது அப்பெண்ட். ஆட் கொடுத்துவிட்டால் ஐந்து படமும் ஒரே ஃபைலுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும், நீளம் பார்த்தால் மூன்று மணி நேரம்தான் காட்டும், டிவியில் முதல் படம் மட்டும் ஓடும். அளவு ஐந்து ஜிபி இருக்கிறது, படம் ஏன் ஒன்றுதான் வருகிறது என்று குழம்பிப்போவோம். சரியாகச் சேர்த்தால் இரண்டாவது படத்தின் பெயர் முதல் படத்துக்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும், அதுதான் அடையாளம்.

அப்புறம் ‘அவுட்புட்’ பக்கத்தில் சாப்டர் பற்றி ஒரு இடம் இருக்கிறது. ஃபைல் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாப்டர் வை என்று சொல்லலாம், அதற்குப் படத்தின் ஃபைல் பெயரையே பெயராகவும் வைக்கச் சொல்லலாம். நான் ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தேன், விஎல்சி பிளேயரில் திறந்தால் ஐந்து படத்தின் பெயரும் வரிசையாகத் தமிழில் நிற்கிறது, எதைத் தொட்டாலும் அங்கே போகிறது. பதின்மூன்று மணி நேர ஃபைலில் இது இல்லாவிட்டால் நாலாவது படத்தைத் தேடிப் பிடிக்கவே முடியாது. எங்கள் டிவியில் பெயர் காட்டவில்லை, ஆனால் அடுத்த பட்டனை அழுத்தினால் அடுத்த சாப்டருக்குப் போகிறது, அதுவே போதும்.

ஒலி அளவை மறந்துவிடாதீர்கள். பழைய படம் மெதுவாகப் பேசும், கொஞ்சம் பிந்தி வந்த படம் தொடக்க இசையிலேயே அதிரும். ஆயா தூங்கிப்போயிருந்தபோது படம் மாறி அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு எழப்பார்த்திருக்கிறார். இடுப்பில் தையல் இருக்கிற மனுஷி அவர். அன்றைக்கு எனக்கு மனசு ஆறவேயில்லை. டூல்நிக்ஸ் ஒலி அளவைச் சமன் செய்யாது, அது அதன் வேலையில்லை. ஹேண்ட்பிரேக்கின் ஆடியோ பக்கத்தில் கெயின் என்ற இடத்தில் டெசிபல் கூட்டிக் குறைக்கலாம். நான் ஒவ்வொரு படத்திலும் ஒரு பாட்டு, ஒரு சண்டை, ஒரு மெதுவான பேச்சு என்று மூன்று இடம் கேட்டு, இரண்டு பழைய படங்களுக்கு 5 டெசிபல் கூட்டி, ஒன்றுக்கு 4 குறைத்து மறுபடி ஓட்டினேன். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் தெரிந்தவர்களுக்கு அதில் ‘லவுட்நார்ம்’ என்று ஒரு வசதி உண்டு, அதுவே அளந்து சமன் செய்துவிடும். கட்டளை எழுதத் தெரிய வேண்டும், அதுதான் இடைஞ்சல்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் ஒட்டு. முதலில் ஒரு படம் முடிந்த மறுநொடி அடுத்தது தொடங்குகிற மாதிரிதான் சேர்த்தேன். ஆயா குழம்பிப்போனார். இரண்டு படத்திலும் ஒரே நடிகை, “அதுதான் அந்தப் படத்துல செத்துப்போச்சே, இப்ப எப்பிடி ஆடுது” என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அதனால் நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும் என்று தோன்றியது. வெறும் கறுப்புத் திரை வைத்தால் டிவி நின்றுவிட்டது என்று நினைப்பார். கடைசியில் போனில் நாங்களே இருபது இருபது வினாடி வீடியோ எடுத்தோம். முதல் ஒட்டில் அம்மா வந்து, “அத்த, படம் முடிஞ்சுது, அடுத்தது வருது. தண்ணி குடிச்சீங்களா? சொம்பு வலது பக்கம் ஸ்டூல் மேல இருக்கு” என்கிறார். இரண்டாவதில் தம்பி, பாதத்தை முன்னும் பின்னும் பத்து தரம் ஆட்டச் சொல்லிக் கணக்கு எண்ணுகிறான், பிசியோதெரபி செய்கிறவர் சொல்லிக் கொடுத்தது. மூன்றாவதில் நான். நாலாவதில் பக்கத்து வீட்டு அக்காவின் சின்னப் பெண், ஒன்றும் பேசாமல் கையை ஆட்டிவிட்டு ஓடிவிடும். அதையே ஆயா நாள் பூராவும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

போன் வீடியோவை அப்படியே சேர்க்க முடியாது, அளவு வேறு, ஃபிரேமும் ஒரு சீராக இருக்காது, கூடிக் குறையும். அதையும் அதே 1024க்கு 576, 25 ஃபிரேமுக்கு மாற்றித்தான் சேர்த்தேன். போனைப் படுக்கவைத்துப் பிடித்து எடுங்கள், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நில்லுங்கள், கிட்டே நின்று மெதுவாகப் பேசுங்கள். அம்மா சொல்கிற இடத்தில் ஆயா டிவியைப் பார்த்து, “குடிச்சிட்டேம்மா” என்று பதில் சொல்கிறார் என்று அக்கா சொன்னார். மாத்திரை போடச் சொல்லி மட்டும் இப்படி வைக்காதீர்கள். கரண்டு போய் வந்தால் நேரம் தள்ளிப்போகும், அதை நம்பி மருந்து விஷயத்தை விடக்கூடாது. அதை அக்காதான் கையில் எடுத்துக் கொடுக்கிறார்.

பெண்டிரைவ் விஷயத்தில் ஒரு நாள் போனது. நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பெண்டிரைவ் ஏற்காது. பெண்டிரைவில் 32 ஜிபி காலியாக இருக்கும், இடமில்லை என்கிற மாதிரி ஒரு செய்தி வரும். இடம் போதாமல் வருவது இல்லை அது, அந்த முறையின் வரம்பு. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் பெண்டிரைவை ஃபார்மேட் செய்ய வேண்டும், உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு. எங்கள் டிவிக்கு எக்ஸ்ஃபேட் தெரியவில்லை, என்டிஎஃப்எஸ் தெரிந்தது. உங்கள் டிவிக்கு எது என்று இரண்டையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஃபேட்32 தவிர எதுவும் படிக்காத டிவியாக இருந்தால் ஒரே ஃபைல் என்ற ஆசையை நாலு ஜிபியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், டூல்நிக்ஸிலேயே அளவு சொல்லி வெட்டும் வசதியும் இருக்கிறது.

குறைகளையும் சொல்கிறேன். எம்கேவி வகை ஃபைலாகத்தான் கொடுக்கும், எம்பி4 வேண்டுமென்றால் இது ஆகாது, ரொம்பப் பழைய டிவி எம்கேவியைத் தொடாது. முகப்பு கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு எழுதிய மாதிரி இருக்கிறது, முதல் தடவை திறந்தபோது இத்தனை கட்டத்தையும் நிரப்ப வேண்டுமோ என்று பயந்து மூடிவிட்டேன். பத்தில் எட்டு கட்டத்தைத் தொடவே தேவையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எச்சரிக்கை வந்தால் மஞ்சளாகக் காட்டிவிட்டு வேலையை முடித்துவிடும், பலர் அதைப் படிக்காமல் விட்டுவிடுவார்கள். படியுங்கள். ‘பிரைவேட் டேட்டா பொருந்தவில்லை’, அதாவது இரண்டு ஃபைலும் சுருக்கப்பட்ட விவரம் ஒத்துப்போகவில்லை என்று வந்தால் அந்த ஒட்டுக்குப் பிறகு படம் கட்டம் கட்டமாக உடைய வாய்ப்பு உண்டு. நான் ஒவ்வொரு ஒட்டுக்கும் முன்னே ஒரு நிமிஷம், பின்னே ஒரு நிமிஷம் டிவியிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆயாவிடம் கொடுக்கிறேன். லேப்டாப்பில் சரியாக ஓடுவது டிவியில் ஓடும் என்று சொல்ல முடியாது. தனித்தனிப் படங்களை அழித்துவிடாதீர்கள், ஒரே ஃபைல் என்றால் கெட்டாலும் ஒரேயடியாகக் கெடும்.

கரண்டு போனால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி இல்லை. கரண்டு வந்ததும் டிவி தானாக ஓடாது, யாராவது போய் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு ஓகே அழுத்த வேண்டும். டிவிக்காக முன்னே ஒரு நாளைக்கு ஐந்து தடவை வந்த அக்கா இப்போது டிவி விஷயத்தில் அதற்கு மட்டும்தான் வருகிறார்.

இரண்டு மாதமாக ஓடுகிறது. வாரத்துக்கு ஒரு புது ஃபைல் செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். மாசி வருகிறது, சிவராத்திரிக்கு ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டும், பாடலீஸ்வரர் கோயிலுக்கு இந்த வருஷம் போக முடியாது, அதனால் நாலு சாமி படம் சேர்த்துக் கொடு என்று ஆயா கேட்டிருக்கிறார். மூன்று இருக்கிறது, மாற்றியும் வைத்துவிட்டேன். நாலாவது ஃபெஞ்சலில் நனைந்துபோன ஐந்து டிஸ்க்கில் ஒன்று. வரும் ஞாயிறு சண்டே மார்க்கெட்டில் தேடப் போகிறேன்.